கார்டு வவுச்சர்ல டெல்லி டிக்கெட்: ஒரு இனிஷியல் பண்ணின வேலை

ஏர்லைன் கிரெடிட் கார்டுல வந்த வவுச்சர் வச்சு டெல்லிக்கு மூணு டிக்கெட் கடைசில போட்டாச்சு. அம்மா, அப்பா, நான். தங்கச்சிக்கு பிப்ரவரி நடுவுல டெலிவரி டேட், அதுக்கு முன்னாடி போய் சேரணும்னு மாசக்கணக்கா மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்துது. இந்த மாதிரி கார்டு வச்சிருக்கறவங்க, வாங்கலாமான்னு யோசிக்கறவங்க, முக்கியமா அப்பா பேர இனிஷியலா போட்டுக்கற நம்ம ஊர் ஆளுங்க எல்லாரும் இத படிச்சிருங்க. எனக்கு செலவு டார்கெட் முடிக்கறதுல பிரச்சனை வரல, சீட்டு கிடைக்கறதுலயும் பெருசா வரல, பேர்லதான் வந்துது.

நான் குடுத்த கம்ப்ளெயின்ட்ல ஒண்ணு இன்னும் க்ளோஸ் ஆகல, அதனால பேங்க் பேரும் ஏர்லைன் பேரும் போடல. கார்டு இப்படித்தான்: வருஷ ஃபீ 3,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேத்து 3,540. ஃபீ கட்டினா ஒரு எகானமி டிக்கெட் வவுச்சர், அந்த வருஷத்துக்குள்ள ஒன்றரை லட்சம் தேச்சா ரெண்டாவது, மூணு லட்சம் தொட்டா மூணாவது. பேங்க் குடுக்கற வவுச்சர், ஏர்லைன்ல நமக்கு இருக்கற மெம்பர்ஷிப் அக்கவுன்ட்லதான் வந்து விழும். வவுச்சர்ல அடிப்படை கட்டணம் மட்டும்தான் ஃப்ரீ, ஏர்போர்ட் சார்ஜ், வரி எல்லாம் நம்ம கைக்காசு. வருஷம்னா ஜனவரி டு டிசம்பர் இல்ல, கார்டு வந்த மாசத்துலேர்ந்து கணக்கு.

மூணு லட்சம் வீட்டு செலவு, ஸ்கூல் ஃபீஸ், ஒரு ஃப்ரிட்ஜ்னு தானா முடிஞ்சுது. பெட்ரோல், வாடகை, வாலட் லோட், இஎம்ஐ இதெல்லாம் பொதுவா கணக்குல வராது, நிறைய கார்டுல இன்ஷூரன்ஸும் கரென்ட் பில்லும் கூட வராது, டெர்ம்ஸ் பிடிஎஃப்ல ஒரு பத்தி இருக்கும் அத மட்டுமாவது படிங்க. ஆன்லைன்ல வாங்கி ரிட்டர்ன் பண்ணினா அந்த தொகை கழிஞ்சுடும். இன்னொண்ணு, கார்டு தேச்ச தேதி இல்ல, ஸ்டேட்மென்ட்ல போஸ்ட் ஆன தேதிதான் கணக்கு, கடைசி நாள்ல போய் தேச்சா அடுத்த வருஷத்துக்கு போயிடும். ஒரு வாரம் முன்னாடியே முடிச்சிருங்க, மேல ஒரு ஐயாயிரம் கூடவே தேச்சு வச்சுக்கங்க.

இதுக்கு அப்புறம்தான் கதை. வவுச்சர் வரவே இல்ல.

பேங்க் கஸ்டமர் கேருக்கு போன் போட்டா "எங்க சைடுல இஷ்யூ ஆயிடுச்சு மேடம், ஏர்லைன்ல கேளுங்க". ஏர்லைனுக்கு போட்டா "உங்க மெம்பர்ஷிப்ல எதுவும் வரல மேடம், பேங்க்ல கேளுங்க". ரெண்டு பேரும் பொய் சொல்லலன்னு கடைசிலதான் புரிஞ்சுது, ஆனா அது வரைக்கும் நான் நடுவுல மாட்டிக்கிட்டு ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து கதைய சொல்லி, ஒவ்வொரு தடவையும் புது கம்ப்ளெயின்ட் நம்பர் வாங்கி, "72 மணி நேரத்துல சரியாயிடும்"னு கேட்டு வச்சிட்டு, திரும்ப போட்டா பழைய கம்ப்ளெயின்ட் ரிசால்வ்ட்னு க்ளோஸ் ஆகியிருக்கும். யாரு ரிசால்வ் பண்ணா, என்ன பண்ணா, ஒரு வரி கிடையாது.

அரை நாள் லீவு போட்டு பிராஞ்சுக்கு போனேன். டோக்கன் எடுத்து உக்காந்து, என் முறை வந்து, ஸ்டேட்மென்ட் பிரிண்ட் எல்லாம் மேசை மேல எடுத்து வச்சா அந்த ஆபீசர் ஒரு பேப்பர கூட தொடல. "கிரெடிட் கார்டு எங்ககிட்ட வராது மேடம், அது தனி டிபார்ட்மென்ட்"னு சொல்லிட்டு ஒரு சின்ன பேப்பர்ல ஒரு நம்பர் எழுதி குடுத்தார். வெளிய வந்து பாத்தா கார்டுக்கு பின்னாடி அச்சடிச்சிருக்கற அதே டோல் ஃப்ரீ நம்பர். கார்டு விஷயத்துக்கு பிராஞ்சுக்கு போகாதீங்க, வெயில்ல அலைஞ்சதுதான் மிச்சம்.

விஷயம் வெளிய வந்தது ஏர்போர்ட்லதான். மாமாவ வழியனுப்ப மீனம்பாக்கம் போயிருந்தப்ப அந்த ஏர்லைன் டிக்கெட் கவுன்டர்ல கூட்டமே இல்ல, சரி கேட்டுப் பாப்போம்னு போனேன். அங்க இருந்த பொண்ணு மெம்பர்ஷிப் நம்பர போட்டுட்டு "வவுச்சர் இல்லையே மேடம்"னு சொல்லிட்டு, அதோட விடாம, "உங்க மொபைல் நம்பர சொல்லுங்க, அத வச்சு தேடிப் பாக்கறேன்"னு கேட்டுது. போட்டதும் ஸ்க்ரீன்ல ரெண்டு வரி வந்துது. "இந்த ரெண்டும் நீங்கதானா?"னு ஸ்க்ரீன என் பக்கம் திருப்பி காட்டுச்சு.

முதல் வரி நான் வருஷக்கணக்கா வச்சிருக்கற அக்கவுன்ட்: ஃபர்ஸ்ட் நேம் மீனாட்சி, லாஸ்ட் நேம் சுந்தரமூர்த்தி, பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே. ரெண்டாவது வரி: ஃபர்ஸ்ட் நேம் மீனாட்சி, லாஸ்ட் நேம் வெறும் எஸ். அந்த எஸ் அக்கவுன்ட்லதான் மூணு வவுச்சரும் உக்காந்திருந்துது. அதுல இருந்த மெயில் ஐடில நடுவுல ஒரு எழுத்து இல்ல, அதனால வந்த மெயில் எதுவும் எனக்கு வந்ததே இல்ல. ஒரு வவுச்சருக்கு தேதி முடிஞ்சே போச்சு. மத்த ரெண்டுக்கும் ஓடிட்டு இருந்துது.

என்ன நடந்துதுன்னா, கார்டு மேல முழு பேரும் அச்சடிக்க இடம் பத்தாதுன்னு கார்டு எடுத்துக் குடுத்த ஏஜென்ட் அப்ளிகேஷன்ல 'மீனாட்சி எஸ்'னு டேப்லெட்ல அடிச்சிருக்கார், மெயில் ஐடியும் அவர் அடிச்சதுதான். நான் குடுத்த பழைய மெம்பர்ஷிப் நம்பர பேங்க் சிஸ்டம் ஏர்லைனோட ஒத்துப் பாத்தப்ப பேர் பொருந்தல, உடனே அதுவா ஒரு புது மெம்பர்ஷிப்ப உருவாக்கிடுச்சு. ஒரு எஸ்எம்எஸ் கூட அனுப்பல. இது எவ்வளவு அநியாயம் பாருங்க, பேர் பொருந்தலன்னா கஸ்டமர்கிட்ட கேக்கணுமா வேணாமா?

நம்ம ஊர்ல இது யாருக்கு வேணா நடக்கும். ஆதார்ல இனிஷியல், பான் கார்டுல முழுசா அப்பா பேரு (பான் ஃபார்ம்ல இனிஷியல் போட விடமாட்டாங்க), பாஸ்போர்ட்ல அப்பா பேரு சர்நேம்ல, சில பேருக்கு சர்நேம் கட்டமே காலி. இந்த ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் கட்டமெல்லாம் குடும்பப் பேர் வச்சிருக்கறவங்களுக்கு போட்டது, நம்ம தலைல வந்து விழுது. 2022 நவம்பர்ல யுஏஇ, பாஸ்போர்ட்ல ஒத்தப் பேர் மட்டும் இருந்தா விசிட் விசால உள்ள விடமாட்டோம்னு சொன்னப்ப எத்தன பேர் அலறினாங்கன்னு ஞாபகம் இருக்கும். கார்டு அப்ளை பண்றப்ப ஏஜென்ட்ட அடிக்க விடாதீங்க. கார்டு மேல என்ன பேர் அச்சடிச்சாலும் பரவால்ல, ஆனா பேங்க் ரெக்கார்டுல பேரும் ஏர்லைன் மெம்பர்ஷிப்ல பேரும் பான்ல இருக்கற மாதிரி எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். கார்டு வந்த முதல் வாரத்துலயே பேங்க்ல கேளுங்க, "என் கார்டோட எந்த மெம்பர்ஷிப் நம்பர் லிங்க் ஆகியிருக்கு, கடைசி நாலு இலக்கம் சொல்லுங்க"ன்னு. இந்த ஒரு கேள்விய யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தா இவ்வளவு அலைச்சல் இல்ல.

சரி கண்டுபிடிச்சாச்சு, ரெண்டு அக்கவுன்ட்டயும் சேத்துடலாம்னா அங்கயும் முட்டுக்கட்ட. ரெண்டு மெயில் ஐடிலேர்ந்தும் ரிக்வெஸ்ட் வரணுமாம். அந்த எழுத்து விட்டுப்போன ஐடி என்னுது இல்லங்க, அதுலேர்ந்து நான் எப்படி மெயில் அனுப்பறது? அப்ப பேங்க் திருத்தி அனுப்பணும்னாங்க. பேங்க் கஸ்டமர் கேர்ல மெம்பர்ஷிப் விவரத்த திருத்தணும்னு சொன்னா யாருக்கும் புரியல, "வவுச்சர் இஷ்யூ ஆயிடுச்சு மேடம்"னு திரும்ப ஆரம்பிச்சாங்க.

அதோட போன் பண்றத நிறுத்திட்டேன். பேங்க் வெப்சைட்ல அடியில குறை தீர்ப்புன்னு ஒரு பக்கம் இருக்கும், லெவல் ஒண்ணு, ரெண்டு, நோடல் ஆபீசர் (கம்ப்ளெயின்ட்ட பாக்கற மேலதிகாரி)னு வரிசையா மெயில் ஐடி குடுத்திருப்பாங்க, அதுல மேல போங்க. ஒரே பக்கத்துல எழுதினேன்: கார்டு வந்த தேதி, செலவு டார்கெட் முடிஞ்ச தேதி, எல்லா கம்ப்ளெயின்ட் நம்பரும், பான் காப்பி, ரெண்டு மெம்பர்ஷிப் நம்பரும், எனக்கு என்ன வேணும்னு ரெண்டே வரி. கோவத்த ஒரு வார்த்தை கூட எழுதல. கடைசில, 30 நாள்ல பதில் வரலன்னா ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன் (பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கறவர்) கிட்ட போவேன்னு எழுதினேன். இது மிரட்டல் இல்ல, நம்ம உரிமை. பேங்க் 30 நாள்ல பதில் சொல்லல, இல்ல சொன்ன பதில் திருப்தி இல்லன்னா ரிசர்வ் பேங்கோட சிஎம்எஸ்ங்கற புகார் வெப்சைட்ல ஃப்ரீயா கம்ப்ளெயின்ட் போடலாம், வக்கீல் எல்லாம் வேணாம், சந்தேகம்னா 14448-க்கு போன் பண்ணலாம்.

அடுத்த வாரமே போன் வந்துது. பேசினவங்க நான் எழுதினத முழுசா படிச்சிட்டு பேசினாங்க, அதுவே எனக்கு அவ்வளவு ஆறுதலா இருந்துது. அக்கவுன்ட் சேத்து, தேதி முடிஞ்ச வவுச்சர புதுசா குடுக்கறோம்னாங்க. "மேடம், இத அப்படியே மெயில்ல போட்ருங்க"ன்னு கேட்டேன், போட்டாங்க. வாயால சொல்றது எதுக்கும் பிரயோஜனம் இல்ல, மெயில்ல வந்தாதான் வந்த மாதிரி. மூணு வவுச்சரும் என் அக்கவுன்ட்ல தெரிஞ்சப்ப அம்மாவ கூப்பிட்டு ஸ்க்ரீன காட்டினேன்.

புக்கிங்ல கவனிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கு. பொங்கல் சமயம் பிளாக்கவுட், வவுச்சர் எடுக்காது. எல்லா ஃப்ளைட்லயும் வவுச்சர் சீட் இருக்காது, இருக்கறதுலயும் கொஞ்சம்தான். டெல்லிக்கு ஜனவரில போறவங்க இன்னொண்ணும் பாக்கணும், குடியரசு தினத்துக்காக வான்வெளிய காலைல மூடுவாங்க, 2025-ல ஜனவரி 19-லேர்ந்து 26 வரைக்கும் 10.20-லேர்ந்து 12.45 வரை மூடினாங்க, மூடுபனி வேற. அதனால 26 தாண்டி, மத்தியானத்துக்கு மேல இறங்கற மாதிரி ஃப்ளைட் எடுத்தேன், வயசானவங்கள வச்சுக்கிட்டு காலைல ஏர்போர்ட்ல தவம் கிடக்க முடியாது.

ஒரு புக்கிங்குக்கு ஒரு வவுச்சர்தான் எடுத்துது, அதனால மூணு பேருக்கு மூணு பிஎன்ஆர், அதாவது தனித்தனி புக்கிங் நம்பர். இப்படி ஆனா உடனே ஏர்லைனுக்கு போன் பண்ணி மூணும் ஒரே குடும்பம்னு லிங்க் பண்ண சொல்லுங்க, இல்லன்னா டைமிங் மாறினா ஒருத்தர வேற ஃப்ளைட்ல தள்ளிட சான்ஸ் இருக்கு. அப்பாவுக்கு மூட்டு வலி, வீல்சேர் அதே கால்ல சொல்லி வச்சேன், அதுக்கு காசு இல்ல. அவருக்கு கால் நீட்ட ஐல் சீட் மட்டும் காசு குடுத்து எடுத்தேன்.

லாபமான்னு கேட்டா, ஆமா, லாபம்தான். அன்னிக்கு அதே ஃப்ளைட்ல அடிப்படை கட்டணம் மட்டும் ஆளுக்கு 6,800, மூணு பேருக்கு 20,400 மிச்சம். கார்டுக்கு ஃபீ 3,540. அதே மூணு லட்சத்த ஒன்றரை சதவீத கேஷ்பேக் கார்டுல தேச்சிருந்தா 4,500 வந்திருக்கும், அதையும் செலவாதான் சேக்கணும். மொத்தம் 8,040, ஒரு வவுச்சருக்கு 2,680. அதனால இத பெங்களூருக்கு ரெண்டாயிரம் ரூபா டிக்கெட்டுக்கு போட்டா நஷ்டம், தூரமா, கடைசி நேர ரேட் ஏறின நாளுக்கு போடுங்க. கேன்சல் பண்ண வேண்டி வந்தா வவுச்சர் போயிடலாம், ஆனா நீங்க கட்டின வரி, ஏர்போர்ட் கட்டணத்த ஏர்லைன் திருப்பித் தரணும், விமானத் துறைய கண்காணிக்கற டிஜிசிஏவோட விதியே இருக்கு, அடிப்படை கட்டணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டா இருந்தாலும் இத தரணும். நிறைய பேர் கேக்காமயே விட்டுடறாங்க.

வவுச்சர சேத்து வைக்கவும் வேணாம். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல்ல நின்னுச்சு, கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாசம் நின்னுச்சு, விஸ்தாரா 2024 நவம்பர் 12-ல ஏர் இந்தியாவோட சேந்து, அவங்க பாயிண்ட் திட்டமும் அதுக்குள்ள போயிடுச்சு. இந்த ஊர்ல ஏர்லைன நம்பி எதையும் ரெண்டு வருஷம் கழிச்சு பாத்துக்கலாம்னு வைக்க முடியாது.

என் கார்டு ரின்யூவல் மார்ச்ல வருது. ஃபீ விழுறதுக்கு முன்னாடி க்ளோஸ் பண்ணப் போறேன், அடுத்த வருஷம் மூணு பேர் எங்கயும் போற பிளான் இல்ல. க்ளோஸ் பண்றவங்க நிலுவைய முழுசா கட்டிட்டு மெயில்ல எழுதி கேளுங்க. ரிசர்வ் பேங்க் விதிப்படி 7 வேலை நாள்ல மூடணும், தாண்டினா நாளுக்கு 500 ரூபா பேங்க் உங்களுக்கு தரணும்.