கில்லி மீன் பெயர்ச் சுருக்கங்கள்: எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக் கூடாது

சிறிய வண்ண மீன்களான கில்லி மீன்களை வளர்ப்போர் தங்களுக்குள் மீன்களைவிட முட்டைகளையே அதிகம் பரிமாறிக்கொள்கிறார்கள். ஆப்பிரிக்காவின் மழைக்காலக் குட்டைகளில் வாழும் நோத்தோபிராங்கியஸ் பேரினத்து மீன்கள், குட்டை வற்றுமுன் சேற்றில் முட்டையிட்டு மடிந்துவிடும். முட்டைகள் அடுத்த மழை வரை மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். ஆகவே, பிழிந்தெடுத்த பீட் (மட்கிய பாசி) தூளோடு அந்த முட்டைகளை ஒரு சிறிய பாலித்தீன் பையில் போட்டு, கடல் கடந்தும் தபாலில் அனுப்ப முடிகிறது. பையின் மேல் ஒட்டும் சீட்டில் இனத்தின் பெயர், அதன் மூதாதை பிடிபட்ட இடம், சேகரிப்பு எண், பீட்டைத் தொட்டியிலிருந்து எடுத்த தேதி, மீண்டும் தண்ணீர் ஊற்ற வேண்டிய உத்தேசத் தேதி ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். இரண்டு விரல் அகலச் சீட்டில் ‘நோத்தோபிராங்கியஸ் ரூப்ரோரெட்டிகுலேட்டஸ்’ என்று முழுப் பெயரையும் எழுதிவிட்டால் மற்ற எதற்கும் இடம் மிஞ்சாது. பெயர்ச் சுருக்கம் என்ற வழக்கம் இந்த நெருக்கடியிலிருந்து வந்ததுதான்.

சீட்டு தவறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முட்டையைப் பார்த்து இனத்தைச் சொல்லிவிட முடியாது. நோத்தோபிராங்கியஸ் ராக்கோவிக்கு ஆறு மாதம் காத்திருந்து தண்ணீர் ஊற்றிக் குஞ்சு பொரித்தாலும், ஆண் மீன் நிறம் காட்டும் வரை எதுவும் தெளிவாகாது. பெண் மீன்களோ பெரும்பாலான இனங்களில் ஒரே சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் இருப்பதால், நிறம் வந்த பிறகும் அவற்றை அடையாளம் காண்பது கடினம். எனவே சீட்டில் உள்ள எழுத்துகள்தான் அந்த மீனின் பிறப்புச் சான்றிதழ்.

பேரினத்துக்கு மூன்று எழுத்து, சிற்றினத்துக்கு மூன்று எழுத்து என்று எடுப்பது யாருக்கும் முதலில் தோன்றும் முறை. கொஞ்ச தூரம் அது நன்றாகவே ஓடும். பிறகு, ஆங்கில எழுத்துகளில் ஏ.பி.எச். என்று எழுதினால் ஆஃபியோசெமியோனா, ஆஃபானியஸா, ஆஃபியோலெபியாஸா, ஆஃபியோபிளாட்டிஸா என்ற கேள்வி எழும். ஏ.பி.எல். என்று எழுதினால் நம் ஊர்க் குளங்களிலும் வயல் வாய்க்கால்களிலும் திரியும் அப்லோகைலஸ் ஒரு பக்கமும், ஆப்பிரிக்காவின் அப்லோகைலிக்திஸ் மறுபக்கமும் நிற்கும். சிற்றினப் பெயர்களில் சிக்கல் இன்னும் மோசம். சாட் நாட்டின் ரூப்ரோரெட்டிகுலேட்டஸ், தான்சானியாவின் ரூப்ரிபின்னிஸ் இரண்டும் ஒரே நோத்தோபிராங்கியஸ் பேரினத்தில் இருப்பவை. இரண்டின் முதல் மூன்று எழுத்தும் ஆர்.யு.பி. நான்காவது எழுத்தைச் சேர்த்தாலும் பயனில்லை, ஐந்தாவதில்தான் அவை பிரிகின்றன. ஆஃபியோசெமியோனில் எக்ஸிகுவம், எக்ஸிகோய்டியம் என்ற இரண்டுக்கும் இதே கதைதான். அவையும் ஐந்தாவது எழுத்தில்தான் பிரிகின்றன. ஆகவே சிற்றினத்துக்கு மூன்று எழுத்து என்பதை நான் ஏற்பதில்லை. ஐந்து எழுத்து எழுதச் சீட்டில் இடம் இருக்கிறது.

இதைவிட ஆழமான தொல்லை பேரினப் பெயரில் இருக்கிறது. விலங்கியலாளர்கள் பேரினங்களைப் பிரிப்பதும் சேர்ப்பதும் ஓயாத வேலை. கார்ட்னெரி என்ற மீன் நெடுங்காலம் ஆஃபியோசெமியோனாக இருந்து இன்று ஃபுண்டுலோபாஞ்சக்ஸ் ஆகியிருக்கிறது. தென் அமெரிக்காவின் கருமையான உடலில் வெளிர்நீலப் புள்ளி தெறித்த நிக்ரிபின்னிஸ், சைனோலெபியாஸாகத் தொடங்கி, 1998-இல் ஆஸ்ட்ரோலெபியாஸாகி, 2023-இல் வெளிவந்த வகைப்பாட்டில் ஆர்கோலெபியாஸாகிவிட்டது. மூன்று தலைமுறை வளர்ப்போர் மூன்று வெவ்வேறு சுருக்கங்களை எழுதியிருப்பார்கள், மீன் ஒன்றே. இதில் கவனிக்கத்தக்கது, மூன்று பெயரிலும் ‘நிக்ரிபின்னிஸ்’ என்ற பகுதி அசையவில்லை என்பது. பேரினம் மாறும்போது பாலுக்கேற்ப விகுதி மாறுவதுண்டு. ஆஃபியோசெமியோன் ஃபிலமென்டோசம், ஃபுண்டுலோபாஞ்சக்ஸுக்குப் போனதும் ஃபிலமென்டோசஸ் ஆனது. ஆனால் முதல் ஐந்து எழுத்தை அந்த மாற்றம் தொடுவதில்லை. சுருக்கத்தின் எடையைச் சிற்றினப் பெயரின் மேல் வைத்து, பேரினத்தை வெறும் துணைச் சொல்லாக நடத்துவது இதனால்தான் அறிவுடைமை.

பயிர்ப் பாதுகாப்புத் துறையில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. ஐரோப்பிய, மத்திய தரைக்கடல் தாவரப் பாதுகாப்பு அமைப்பு செடிகளுக்கு ஐந்தெழுத்துக் குறியீடு வைத்திருக்கிறது. தக்காளிக்கு எல்.ஒய்.பி.இ.எஸ். என்பது குறியீடு, அது லைக்கோபெர்சிகான் என்ற பழைய பேரினப் பெயரிலிருந்து வந்தது. தக்காளியைச் சோலானம் பேரினத்துக்கு மாற்றிய பிறகும் குறியீட்டை அவர்கள் தொடவில்லை. ஒருமுறை கொடுத்த எழுத்துகள் இனிப் பெயரைச் சுட்டுவதில்லை, செடியைச் சுட்டுகின்றன என்று முடிவு செய்துவிட்டார்கள். நம் சங்கங்களுக்கும் அந்தத் துணிவு வேண்டும்.

சிற்றினப் பெயரும் முழுக்கப் பாதுகாப்பானதல்ல என்பதற்கு ஜோஸ்டெட்டி ஓர் எச்சரிக்கை. மேற்கு ஆப்பிரிக்காவின் தங்க நிற மீன் ஒன்றை வளர்ப்போர் பல்லாண்டுகள் அந்தப் பெயரில் வைத்திருந்தார்கள். 1966-இல் க்ளௌசன் என்ற ஆய்வாளர் அதற்கு ஆக்ஸிடென்டாலிஸ் என்ற புதுப்பெயர் சூட்டி, ஜோஸ்டெட்டி என்ற பெயர் உண்மையில் புளூ குலாரிஸ் என்ற வேறொரு கில்லி மீனுக்கே உரியது என்று காட்டினார். அதற்கு முந்தைய பட்டியலில் உள்ள ஜோஸ்டெட்டியும் பிந்தைய பட்டியலில் உள்ள ஜோஸ்டெட்டியும் இரு வேறு மீன்கள். எழுத்துச் சுருக்கத்தை எவ்வளவு கச்சிதமாக வகுத்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது.

தடுக்கக்கூடியது ஒன்றுதான், இடமும் சேகரிப்பு எண்ணும். ஆஃபியோசெமியோன் பிரிமிஜெனியம் என்பதற்குப் பின் ஜி.பி.என். 88/10 என்று எழுதுகிறார்கள். 1988-இல் நடந்த ஒரு சேகரிப்புப் பயணத்தின் பத்தாவது இடம் அது. நாளை பேரினம் மாறட்டும், சிற்றினமே இரண்டாக உடையட்டும். 88/10 என்ற இடத்தின் மீன் எந்தப் பக்கம் விழுகிறது என்பதைப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆஃபியோசெமியோன் கூட்டத்தில் தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் மீன்களே இடத்துக்கு இடம் குரோமோசோம் எண்ணிக்கையில் வேறுபடுவதுண்டு. அவற்றைக் கலந்தால் மலட்டுக் குஞ்சுகள் கிடைக்கலாம். ஆகவே கார்ட்னெரியில் நைஜீரியாவின் அக்குரே, இன்சுக்கா, கேமரூனின் மிசாஜே ஆகியவற்றை ஒரே தொட்டியில் சேர்க்கக் கூடாது என்பது வெறும் சம்பிரதாயம் அன்று.

ஆய்வகங்களும் இந்த எழுத்துகளைத்தான் நம்பி நிற்கின்றன. முதுமை பற்றிய ஆராய்ச்சியில் இன்று பெரிதும் பயன்படும் நோத்தோபிராங்கியஸ் ஃபர்செரியின் ஜி.ஆர்.இசட். வழி (ஒரே மூதாதையின் வாரிசுக் கூட்டம்), ஜிம்பாப்வேயின் கோனாரெஜூ காட்டுப் பகுதியில் அரை நூற்றாண்டுக்கு முன்பு பிடிக்கப்பட்டு, வளர்ப்போர் தொட்டிகளில் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டது. அதன் ஆயுள் ஏறத்தாழ மூன்று மாதம்தான் என்று 2003-இல் வெளிவந்த ஆய்வு சொன்னபோதுதான் விஞ்ஞானிகள் திரும்பிப் பார்த்தார்கள். மொசாம்பிக்கிலிருந்து வந்த எம்.இசட்.எம். 04-03 அதே இனம்தான், ஆனால் அதைவிடத் தெளிவாக நீண்ட நாள் வாழ்கிறது, ஜி.ஆர்.இசட். ஆண்களின் வால் மஞ்சள், இதன் ஆண்களின் வால் சிவப்பு. இரண்டுக்கும் இனப்பெயரை மட்டும் ஐந்தெழுத்தில் சுருக்கி எழுதியிருந்தால் ஆயுள் ஒப்பீடு என்ற துறையே அவற்றிலிருந்து பிறந்திருக்காது.

இந்தச் சேகரிப்பு எண்ணை எழுதுவதில்தான் நம்மவர் கவனக்குறைவு எனக்கு எரிச்சலூட்டுகிறது. 04-03 என்பதை ஒருவர் 04/3 என்றும், இன்னொருவர் 0403 என்றும், மூன்றாமவர் 403 என்றும் எழுதுகிறார். கடைசி வடிவத்தில் ஆண்டு எது, இடம் எது என்பதே மறைந்துவிடுகிறது. கணினிப் பட்டியலில் அகரவரிசைப்படுத்தினால் நான்கும் நான்கு மூலைக்குப் போகும். ஆண்டுக்கு இரண்டு இலக்கம் என்பதும் வெகு நாள் தாங்காது. 1968-இல் பிடித்த மீனின் வாரிசுகள் இன்னும் தொட்டிகளில் இருக்கலாம், 2068 அவ்வளவு தொலைவிலும் இல்லை. ஆனால் பழைய எண்களை இப்போது நான்கு இலக்கமாகத் ‘திருத்துவதை’ நான் எதிர்க்கிறேன். சேகரித்தவர் தந்த எண் எப்படியோ அப்படியே, கோடும் சுழியமும் உட்பட, படியெடுக்கப்பட வேண்டும். சீர்திருத்தம் புதிய சேகரிப்புகளுக்கு மட்டும்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு வரிசை எண் கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஜெர்மானிய இதழ் ஒன்று 1988-இல் தொடங்கிய எல்-எண் முறை, கவசக் கெளுத்தி வளர்ப்பில் பெரும் வெற்றி பெற்றது. எல்-046 என்ற மீன் 1991-இல்தான் ஹைபான்சிஸ்ட்ரஸ் ஜீப்ரா என்று முறையான பெயர் பெற்றது. ஆனால் அங்கே எண், பெரும்பாலும் கடைக்கு வந்த மீனின் படத்தோடு பிணைந்தது. நமக்குப் படம் போதாது, குட்டை வேண்டும்.

எனவே என் சீட்டில் சிற்றினம் ஐந்தெழுத்தில் முதலில் வரும். ஊர்ப் பெயர் சுருக்கப்படாமல் வரும். சேகரிப்பு எண் வந்தபடியே வரும். பேரினத்துக்கு மிஞ்சிய மூலை. ஊர் தெரியாத மீனுக்கு, தொட்டி வழி என்று பொருள்படும் ஏ.எஸ். என்ற இரண்டெழுத்தை ஏற்கெனவே பலரும் பயன்படுத்துகிறார்கள். கடையில் வாங்கிய நோத்தோபிராங்கியஸ் குந்தெரி ஆணின் நிறத்தைப் பார்த்து ‘இது சான்சிபார் மீன்தான்’ என்று நண்பர் சொன்னாலும், சீட்டில் ஏ.எஸ். என்று மட்டுமே எழுத வேண்டும். பென்சிலால்கூட ஊர்ப் பெயரைச் சேர்க்கக் கூடாது, ஏனெனில் மூன்றாவது கைக்குப் போகும்போது அந்தப் பென்சில் எழுத்து பேனா எழுத்தாகிவிடும்.