பெயர்ப்பலகை இல்லாத வால்வு செட்: கானாடுகாத்தான் குறிப்புகள்

ஜூன் 8

மேலத்தெரு ஆச்சி சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரண்டாம் கட்டுக்குப் பின்னாலுள்ள சாமான் அறையை ஒழிக்கிறார்களாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலிருந்து பழம்பொருள் வியாபாரி நாளை வருகிறார். அவர் விலை பேசுவதற்குள் "அந்த ரேடியோ பெட்டியை" நான் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றார்கள்.

ரேடியோ இல்லை, ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிபயர். சாம்பல் நிற இரும்புப் பெட்டி, மேலே துளையிட்ட தகட்டு மூடி. கனம் முழுவதும் டிரான்ஸ்பார்மர்கள் இருக்கும் பக்கம் சாய்கிறது. முன்னால் நான்கு குமிழ்கள்: மைக் 1, மைக் 2, கிராம் (கிராமபோன்), டோன். பெயர்ப்பலகை இருந்த இடத்தில் இரண்டு ரிவெட் துளைகள்தான் மிச்சம்.

"ஏவி.எம். ஸ்டுடியோ காரைக்குடியில் இருந்தபோது அங்கேயிருந்து வந்ததென்று எங்கள் ஐயா சொல்வார்கள்" என்றார்கள் ஆச்சி. கேட்டதும் சிலிர்த்தது. தேவகோட்டை ரஸ்தாவில் அந்த ஸ்டுடியோ இயங்கியதும், 1948இல் சென்னைக்குப் போனதும் ஊரறிந்த வரலாறு. அதனாலேயே இந்தப் பெட்டிக்கு அந்தப் பெருமையைத் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. பெட்டியே சொல்ல வேண்டும். வியாபாரியிடம் இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றார்கள்.

பேரன் பிளக்கை எடுத்துக்கொண்டு வந்தான். தடுத்துவிட்டேன். பல ஆண்டுகள் சும்மா கிடந்த எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்குள் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் குப்பி) ஆக்சைடு படலம் கெட்டிருக்கும். நேரே 230 வோல்ட் கொடுத்தால் அது வெடிக்கலாம். போகிற போக்கில் மெயின் டிரான்ஸ்பார்மரையும் எரித்துவிடும். வால்வு (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கண்ணாடிக் குழல்) வாங்கிவிடலாம், அந்த டிரான்ஸ்பார்மர் போனால் போனதுதான்.

ஜூன் 9

தூசி துடைத்து மூடியைக் கழற்றினேன். கடைசியில் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வு இரண்டும் 6எல்6 வகை. சிறிய ஒன்பது பின் வால்வுகள் இ.சி.சி.83, ஒன்றின் மேல் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் முத்திரை. அந்த நிறுவனம் ரேடியோ வால்வு செய்யத் தொடங்கியது 1961இல். ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ரெக்டிபயர் வால்வு இருக்க வேண்டிய எட்டு பின் சாக்கெட் காலி.

இதை வைத்து "அறுபதுகளின் 6எல்6 செட்" என்று எழுதிவிடலாம். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. வால்வு என்பது மாட்டுவண்டியின் மாடு போல, வழியிலேயே மாற்றிக்கொள்ளலாம். வண்டியைப் பார்க்க வேண்டுமென்றால் கவிழ்த்து அடிப்பக்கம் பார்க்க வேண்டும்.

ஜூன் 12

கவிழ்த்தேன். முதலில் பெரிய கண்டென்சர்களில் மிச்சமிருக்கக்கூடிய மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டர் வைத்து உறுதி செய்த பிறகே கை வைத்தேன்.

பார்க்க வேண்டியது பவர் வால்வு சாக்கெட்டின் முதல் பின். இதே சாக்கெட்டில் பொருந்தும் இன்னொரு பவர் வால்வு இ.எல்.34. 6எல்6, இ.எல்.34 இரண்டுக்கும் மற்றப் பின்கள் ஒன்றே: 2, 7 ஹீட்டர், 3 ஆனோடு, 4 ஸ்கிரீன், 5 கிரிட், 8 கேத்தோடு. 6எல்6இல் முதல் பின்னுக்கு வேலையில்லை. இ.எல்.34 பெண்டோடு (மூன்று கிரிட் உள்ள வால்வு), அதன் மூன்றாவது கிரிட் முதல் பின்னில்தான் வெளியே வருகிறது, அதை எட்டாவது பின்னோடு சேர்த்தாக வேண்டும். இங்கே இரண்டு சாக்கெட்டிலும் 1, 8 பின்கள் வெள்ளிப் பூச்சுக் கம்பியால் இணைந்திருக்கின்றன. பக்கத்துப் பற்றுகளில் இருக்கும் அதே ஈயம், அதே பழுப்பு. பின்னால் யாரும் போட்டதில்லை. இந்தப் பெட்டி பிறந்ததே இ.எல்.34க்காக.

அந்த ஒரு கம்பியைக் கண்டபோது வந்த மகிழ்ச்சியை வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை.

ஸ்டுடியோ கதையும் இங்கேயே தளர்கிறது. முல்லார்ட் நிறுவனத்தின் இ.எல்.34 1950களின் வால்வு. காரைக்குடியில் படப்பிடிப்பு நடந்த நாட்களில் இந்தச் சாக்கெட்டுக்கு இப்படிக் கம்பி இழுக்க யாருக்கும் தேவை இருந்திருக்காது.

காலி சாக்கெட்டில் 2க்கும் 8க்கும் ஐந்து வோல்ட் சுற்று. 4, 6க்கு உயர் அழுத்தச் சுற்றின் இரு முனைகள். ஜி.இசட்.34, 5யு4 என்ற இரண்டு ரெக்டிபயர் வால்வுகளும் இங்கே பொருந்தும். முதல் கண்டென்சர் 50 மைக்ரோஃபாரட். 5யு4க்கு அது அதிகம், ஜி.இசட்.34 60 வரை தாங்கும். அதனால் ஜி.இசட்.34 என்றே குறித்துக்கொண்டேன். அந்தக் கண்டென்சரின் அலுமினியக் குப்பியில் "10-62" என்று அச்சு.

ஜூன் 15

பவர் வால்வுகளை ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மர். வால்வுகளை எடுத்துவிட்டு, ஆனோடிலிருந்து ஆனோடுக்கு 30 வோல்ட் ஏ.சி. கொடுத்தேன். 15 ஓம் ஸ்பீக்கருக்கான முனையில் 2 வோல்ட் வந்தது. விகிதம் 15; அதன் வர்க்கம் 225; 15 ஓமால் பெருக்கினால் 3,375 ஓம், வால்வுகள் சுமக்கும் சுமை. ஒரு ஜோடி இ.எல்.34க்கு முல்லார்ட் தரும் 3,400 ஓமுக்கு மிக அருகில். இன்னொரு முனையில் 9.4 வோல்ட். அந்தச் சுமையிலிருந்து திருப்பிக் கணக்கிட்டால் சுமார் 330 ஓம், அதாவது 100 வோல்ட் லைனில் 30 வாட்.

100 வோல்ட் லைன் என்றால் ஸ்டுடியோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீளக் கம்பி இழுத்து, கோவில் கோபுரத்திலும் தெருமுனைப் புளியமரத்திலும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவதற்கான ஏற்பாடு அது. அழுத்தத்தை ஏற்றி அனுப்பினால் கம்பியில் ஓடும் மின்னோட்டம் குறையும், வழியில் வீணாவதும் குறையும். ஒவ்வொரு குழாயிலும் ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் அதை மறுபடி இறக்கிக்கொள்ளும்.

ஜூன் 16

ஆச்சி பெட்டகத்திலிருந்து ஒரு துணி முடிச்சைக் கொடுத்தனுப்பினார்கள். உள்ளே ஒரு இ.எல்.34, நடு ஆணி உடைந்தது. கண்ணாடியின் அடியில் சாம்பல் எழுத்தில் இரண்டு வரி: "எக்ஸ்.எஃப்.2", அதன் கீழே "பி3டி1". முதல் வரி வால்வின் வகை. இரண்டாவதில் பி என்றால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் தொழிற்சாலை, 3 ஆண்டின் கடைசி இலக்கம், டி ஏப்ரல், 1 முதல் வாரம். எந்தப் பத்தாண்டு என்பதைக் குறியீடு சொல்லாது. அக்டோபர் 1962 கண்டென்சரோடு சேர்த்தால் ஏப்ரல் 1963 என்பதே இயல்பாகப் பொருந்துகிறது.

ஜூன் 20

காரைக்குடியில் சவுண்ட் சர்வீஸ் நடத்திய பெரியவரிடம் படங்களைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார். "தம்பி, இது கம்பெனி செட் இல்லை. சேசிஸ் தகட்டின் துளையைப் பார், அரம் போட்டு வட்டமாக்கியிருக்கிறான். பட்டறையில் கட்டிய செட். வாடகைக்கு விடுகிறவர்கள் தங்கள் பெயரைத்தான் தகட்டில் அடித்து ஒட்டுவார்கள். கைமாறும்போது அதைக் கழற்றிவிடுவார்கள்." ரிவெட் துளைகளுக்கு விளக்கம் கிடைத்தது. 6எல்6 ஏன் என்று கேட்டேன். "திருவிழா நடுவில் வால்வு போனால் கையில் இருப்பதைச் சொருகுவோம், வேறென்ன?"

ஜூன் 22

ஆச்சியிடம் போய்ச் சொன்னேன். ஸ்டுடியோ இல்லை, 1963ஐ ஒட்டிப் பட்டறையில் கட்டிய 30 வாட் மைக் செட், கல்யாணத்துக்கும் கும்பாபிஷேகத்துக்கும் பாடியது. வருத்தப்படுவார்களோ என்றிருந்தேன். சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் முன்னோருக்கு நாங்கள் செய்த படைப்புக்கு வைத்த செட்டாகத்தான் இருக்கும். முகப்புத் திண்ணையில் வைத்திருந்தார்கள், பக்கத்தில் போனால் சுடும்" என்றார்கள்.

விற்பதில்லை என்று முடிவாகிவிட்டது. கண்டென்சர்கள், ஒரு ஜி.இசட்.34, ஒரு ஜோடி இ.எல்.34, எர்த் உள்ள மூன்று கம்பி மெயின் கார்டு: எழுதிக் கொடுத்துவிட்டேன். அவை வந்ததும், மின்னோட்டம் எகிறாமல் தடுக்க வழியில் ஒரு பல்பை (சீரீஸ் பல்பு) வைத்து மின்சாரத்தை மெல்ல ஏற்ற வேண்டும்.