பழைய டீசல் ஹைபிரிட் எர்டிகா: வாங்கியதும் ஓட்டுவதும்

ஸ்வீடனில் வேலை பார்க்கும் என் மச்சான் ஒரு பழைய வால்வோ வி60 பிளக்-இன் ஹைபிரிட் வைத்திருக்கிறான். 2012 கடைசியில் உற்பத்திக்கு வந்த மாடல். முன்னால் 2.4 லிட்டர் ஐந்து சிலிண்டர் டீசல் எஞ்சின், பின்சக்கரங்களுக்குத் தனியாக ஒரு மின் மோட்டார், 11.2 கிலோவாட்-மணி (kWh) பேட்டரி. கம்பெனிக் கணக்குப்படி முழு சார்ஜில் 50 கிலோமீட்டர் வரை டீசலைத் தொடாமலே போகலாம். வீடியோ காலில் வரும்போதெல்லாம் அந்த வண்டிப் பெருமைதான். பின்பக்கம் நீளமான உடம்பு, சாமான் எவ்வளவு வேண்டுமானாலும் அடுக்கலாம், ராத்திரி சார்ஜ் போட்டால் காலையில் ஆபீசுக்கு டீசலே வேண்டாம் என்பான்.

அந்த வண்டி இந்தியாவில் விற்பனைக்கு வந்ததே இல்லை. எஸ்டேட் என்ற உடலமைப்பே நம் ஊரில் எடுபடவில்லை. பலேனோ ஆல்டுரா, இண்டிகோ மரீனா, ஆக்டேவியா காம்பி எல்லாம் வந்து கொஞ்ச நாள் இருந்து காணாமல் போயின. நீளமான உடம்பு, டீசல், ஹைபிரிட், என் கைக்கு எட்டும் விலை, இந்த நான்கையும் போட்டு வடிகட்டினால் செகண்ட் ஹேண்ட் சந்தையில் மிஞ்சுவது அநேகமாக ஒன்றுதான்: மாருதி எர்டிகா டீசல் எஸ்ஹெச்விஎஸ், அதாவது சுசூகியின் ‘ஸ்மார்ட் ஹைபிரிட்’. மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் ஏழு பேர், மடக்கினால் ஒரு நல்ல எஸ்டேட். நிமிர்த்தியிருக்கும்போது டிக்கியில் 135 லிட்டர் இடம்தான், இரண்டு பைக்கு மேல் போகாது. மடித்துவிட்டால் விருத்தாசலத்திலிருந்து அரிசி மூட்டை, தேங்காய், பாட்டியின் ஊறுகாய் ஜாடி எல்லாம் வரும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதில் சொருகுவதற்கு ஒயர் கிடையாது. ஒரு மீட்டர்கூட மின்சாரத்தில் மட்டும் ஓடாது. ஆல்டர்னேட்டர் இருக்கவேண்டிய இடத்தில் ஐஎஸ்ஜி என்று ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒன்றான ஒரு பெரிய கருவி, பெல்ட் வழியாக எஞ்சினோடு இணைந்திருக்கும். பிரேக் போடும்போது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது அது கரண்ட் உண்டாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும். வேகம் எடுக்கும்போது அதே கருவி மோட்டாராக மாறி எஞ்சினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். சிக்னலில் நியூட்ரல் போட்டு கிளட்சை விட்டால் எஞ்சின் தானே அணையும், கிளட்சை மிதித்தால் தானே உயிர்க்கும். ஹைபிரிட் என்று பின்னால் ஒட்டியிருப்பது இவ்வளவுதான்.

2015 அக்டோபரில் எர்டிகாவுக்கு இதைப் பொருத்தினார்கள். அந்தச் சமயத்தில் மின், ஹைபிரிட் வண்டிகளுக்கு மானியம் தரும் மத்திய அரசின் ஃபேம் திட்டத்தில் இந்த மாதிரி மைல்ட் ஹைபிரிட் கார்களுக்கும் 13,000 ரூபாய் மானியம் இருந்தது. 2017 ஏப்ரலில் அதை நிறுத்தினார்கள். ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் ஹைபிரிட்டுக்கு 28 சதவீத வரி, மேலே 15 சதவீத செஸ். ஷோரூமில் விலை எகிறியது. பழைய சந்தைக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. 2016 வண்டிக்கும் 2017 வண்டிக்கும் வயசு, கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர் என்பதை வைத்துத்தான் பேரம். வயசு கூடினால் விலை குறையும், அதனால் நான் 2016 மாடலையே தேடினேன்.

சென்னை அசோக் நகரில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் இருந்தது. டிஎன்-09, அதாவது கே.கே. நகர் ஆர்டிஓ பதிவு, ஒரே ஓனர். ஆறு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே கேட்டார். ஆதம்பாக்கத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். போகிற வழியிலேயே அவர் சொல்லிவிட்டார், “சார், ஹைபிரிட்னு நெனச்சு வாங்காதீங்க. டீசல் வண்டின்னு நெனச்சுப் பாருங்க. எஞ்சின் நல்லா இருந்தா வாங்கலாம், மத்தது போனஸ்.” இந்த வண்டியைப் பற்றி நான் கேட்ட பேச்சில் இதுதான் உருப்படியானது.

எஞ்சின் விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. ஃபியட்டிடம் உரிமம் வாங்கி மாருதி தயாரித்த அதே 1,248 சிசி மல்டிஜெட். ஸ்விஃப்ட், டிசையர், டாடா விஸ்டா என்று பல வண்டிகளில் ஓடியது. டைமிங் செயின், பெல்ட் மாற்றும் செலவு இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது. இருந்தாலும் இந்த எஞ்சினைத் தெரியாத மெக்கானிக் சென்னையில் கிடையாது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புது பாகம், புதுப்பேட்டையில் பழைய பாகம், இரண்டும் கிடைக்கும். உறுத்தல் எல்லாம் ஐஎஸ்ஜியும் பேட்டரியும்தான். அவை இந்த ஹைபிரிட் மாடலுக்கே உரியவை.

அண்ணன் வண்டியை உடனே பானெட் தூக்கிப் பார்க்கவில்லை. முதலில் எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்து புகையைப் பார்த்தார். பிறகு நூறடி ரோட்டில் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டினார். சூடானதும் ஓரமாக நிறுத்தி, ஏசியை அணைத்து, சீட் பெல்ட்டைக் கழற்றாமல் நியூட்ரல் போட்டு கிளட்சை விட்டார். எஞ்சின் நின்றது. மிதித்தார், வந்தது. சாதாரண ஸ்டார்ட்டர் போல உறுமாமல், பெல்ட் சுற்றி மெதுவாக எழுப்புகிறது. இதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். பேட்டரி சோர்ந்துபோயிருந்தால் எஞ்சின் அணையவே அணையாது, கணினி விடாது. பலர் பேட்டரி செத்ததும் விலையைப் பார்த்துவிட்டுச் சாதாரண பேட்டரியைப் போட்டுவிடுகிறார்கள், அதோடு ஹைபிரிட் கதை முடிந்தது என்றார். இந்த மாடலுக்கான பெரிய பேட்டரி ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை என்று அவர் சொன்னதைக் கடையில் கேட்டும் உறுதி செய்துகொண்டேன். டெஸ்ட் டிரைவ் போகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் திரும்பாதீர்கள். எஞ்சின் சூடாகாமல் இந்தச் சோதனையே நடக்காது. விற்கிறவர் “இப்பத்தானே ஸ்டார்ட் பண்ணோம், அதான் ஆஃப் ஆகலை” என்றால் அது உண்மையாகவும் இருக்கலாம், சாக்காகவும் இருக்கலாம்.

சென்னையில் பழைய கார் வாங்கினால் இன்னொரு கேள்வி: வெள்ளம் பார்த்த வண்டியா? 2015 டிசம்பரில் இது பிறக்கவில்லை. ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கே நின்றது? சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தோம், அடிப்பகுதியில் சேற்றுக்கோடு இருக்கிறதா என்று. சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகள், கார்பெட்டின் அடிப்பக்கம், ஃபியூஸ் பெட்டி, ஹெட்லைட்டின் உட்புறம் எல்லாவற்றிலும் துரு, மண் படலம் தேடினோம். சர்வீஸ் சென்டர் பதிவேட்டில் அந்த மாதங்களில் பெரிய வேலை எதுவும் இல்லை. ஆசிரியர் சிரித்துக்கொண்டே, “தம்பி, நான் முதல் மாடியில் இருந்தேன், வண்டி எதிர்வீட்டு மேட்டில் இருந்தது” என்றார். சரி என்று பட்டது.

விலை பேசி முடிப்பது சுலபமாக இருந்தது. காகிதம்தான் படுத்தியது. ஆர்சியில், அதாவது பதிவுச் சான்றில், கடன் கொடுத்த ஒரு வங்கியின் பெயர் இன்னும் இருந்தது. கடனை அவர் எப்போதோ அடைத்துவிட்டார், வங்கி கொடுத்த என்ஓசியை (ஆட்சேபணையில்லாச் சான்று) பத்திரமாக ஒரு ஃபைலில் வைத்துவிட்டு ஆர்டிஓவில் கொடுக்க மறந்துவிட்டார். அந்த என்ஓசி காலாவதியாகி ஆண்டுகள் ஆகிவிட்டன. புதிதாகக் கேட்டால் கிளையில், பழைய கணக்கு வேறு அலுவலகத்தில் இருக்கிறது என்றார்கள். அந்த அலுவலகத்தில், கிளையில் கேளுங்கள் என்றார்கள். பெரியவரோடு நானும் அலைந்தேன். கடைசியில் எழுத்துமூலம் புகார் கொடுத்த பிறகு காகிதம் வந்தது. படிவம் 35-ஐயும் அதையும் சேர்த்து ஹைப்போதிகேஷனை, அதாவது ஆர்சியில் இருந்த வங்கிக் கடன் பதிவை, நீக்கிய பிறகுதான் பெயர் மாற்றத்துக்கே வழி பிறந்தது. பழைய வண்டி பார்க்கப் போகும்போது எஞ்சினுக்கு முன்னால் ஆர்சியைப் பாருங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். வங்கிப் பெயர் நீங்கும்வரை முழுப்பணத்தையும் கொடுக்காமல் நான் அட்வான்ஸோடு நின்றேன். அவரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-ம் 30-ம். அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பித்தோம். ஓடிபி அவருடைய பழைய எண்ணுக்குப் போனது, அந்த சிம் அவரிடம் இல்லை. முதலில் எண்ணை மாற்றி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். எனக்கு மீனம்பாக்கம் ஆர்டிஓ. முகவர் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், வைக்கவில்லை. கவுன்டரில் இருந்தவர் சேசிஸ் நம்பர் பென்சில் பிரதி, முகவரிச் சான்று, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் பொருந்தவில்லை என்று ஒரு முறை திருப்பி அனுப்பினார். பெரியவருக்கு வயதானதால் கை நடுக்கம், அவ்வளவுதான். நேரில் கூட்டிப்போய்க் காட்டினோம். 2024 முதல் ஆர்சியைக் கையில் தருவதில்லை, ஸ்பீட் போஸ்ட்டில்தான் வீட்டுக்கு வரும். தபால்காரர் வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.

வண்டியை எடுத்த அன்றே தேதி, நேரம், கிலோமீட்டர் எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட டெலிவரி நோட் ஒன்று வாங்கிக்கொண்டேன். அதற்கு முன்னால் நடந்த சிக்னல் மீறல் எனக்கு வரக்கூடாது, பின்னால் நான் செய்வது அவருக்குப் போகக்கூடாது. இன்சூரன்ஸை மாற்ற 14 நாள்தான். அதில் பலருக்குத் தெரியாத ஒன்று: நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது, விற்றவரோடு போய்விடும். அவர் 50 சதவீதத் தள்ளுபடியில் இருந்தார். மிச்ச மாதங்களுக்கு அந்த வித்தியாசத்தை நான் கட்டினேன். பேரம் பேசும்போதே இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஓட்டுகிற கதை. மார்கழி, தை மாதங்களில் இந்த ஐடில் ஸ்டாப், அதாவது நின்றால் எஞ்சின் தானே அணைவது, அருமையாக வேலை செய்கிறது. வேளச்சேரி விஜயநகர் சிக்னலில் எஞ்சின் அணைந்து, பக்கத்து ஆட்டோவின் பாட்டு கேட்கும். சித்திரை வந்தால் கதை வேறு. எஞ்சின் அணைந்தால் ஏசி கம்ப்ரஸரும் நின்றுவிடும், வெறும் காற்றுதான் வரும். கொஞ்ச நேரத்தில் பின் சீட்டிலிருந்து அம்மா, “ஏம்பா, ஏசி போட்டிருக்கியா இல்லையா?” என்பார். உள்ளே சூடு ஏறினால் வண்டியே எஞ்சினை எழுப்பிவிடுகிறது, பல நேரம் அணைக்கவே மறுக்கிறது. அதனால் பங்குனி பாதியிலிருந்து ஆடி வரை டேஷ்போர்டு பட்டனில் அதை ஆஃப் செய்துவிடுகிறேன். ஒவ்வொரு முறை சாவி போடும்போதும் மறுபடி அழுத்த வேண்டும், அது ஒரு எரிச்சல். ஸ்வீடன் குளிருக்குப் பொருந்துவது சென்னை வெயிலுக்கு எப்படிப் பொருந்தும் என்று மச்சானிடம் கேட்டால், அவனுக்கு அங்கே குளிரில் பேட்டரி சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறதாம்.

மோட்டார் கைகொடுப்பது தெரிகிறதா என்றால், தனியாக ஓட்டினால் லேசாகத் தெரியும். ஏழு பேரோடு ஏசி போட்டுக் கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது தெரியாது. டர்போ விழிக்கும்வரை, அதாவது 1,800, 2,000 சுற்றுவரை, எஞ்சின் சோம்பல்தான். கியரைக் குறைத்துத்தான் ஆகணும். ஜிஎஸ்டி ரோட்டில் (கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு) பரனூர் டோல்கேட் தாண்டிவிட்டால் வண்டி வேறு முகம் காட்டும், ஐந்தாவது கியரில் அப்படியே போகும்.

மைலேஜ் அரசுச் சோதனைக் கணக்கில் லிட்டருக்கு 24.52 கிலோமீட்டர். எனக்கு ஊருக்குள் 15, 16. ஹைவேயில் 90-ஐத் தாண்டாமல் ஓட்டினால் 20-க்குக் கொஞ்சம் மேல். ஹைபிரிட் இல்லாத டீசல் எர்டிகா வைத்திருக்கும் நண்பனுக்கும் எனக்கும் ஊருக்குள் ஒரு கிலோமீட்டர்தான் வித்தியாசம், அதையும் அவன் ஒத்துக்கொள்ள மாட்டான். டீசல் பெட்ரோலைவிட விலை குறைவு என்பதும் நெடுந்தூர மைலேஜும்தான் எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கின்றன. மாதம் ஒரு தடவையாவது ஊருக்குப் போகிறவர்களுக்கு இது சரிப்படும். தி.நகர், மயிலாப்பூர் என்று உள்ளூரிலேயே சுற்றுகிறவர்கள் பெட்ரோல் எர்டிகாவோ சிஎன்ஜியோ பாருங்கள்.

பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கான தடை இங்கேயும் வருமா என்று கேட்கிறார்கள். அது டெல்லி, சுற்றுப்பகுதிச் சங்கதி. இங்கே பதிவு 15 வருடம், என் வண்டிக்கு 2031 வரை, அப்புறம் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். டெல்லி நம்பர் டீசல் வண்டி மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால், தமிழ்நாட்டுச் சாலை வரி, அங்கிருந்து வரவேண்டிய என்ஓசி, மறுபதிவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடைசியாக ஃபாஸ்டேக். கண்ணாடியில் ஒட்டியிருப்பது விற்றவர் பெயரில் இருக்கும். ஒரு வண்டிக்கு ஒரு டேக்தான், பழையதை அவர் மூடினால்தான் புதியது செயல்படும். பெரியவர் மூடுகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துவிட்டார். பரனூரில் என் கணக்கில் பணம் போகாமல் அவருக்கு மெசேஜ் போயிருக்கிறது. போன் செய்து, “தம்பி, விருத்தாசலம் கிளம்பிட்டீங்க போல” என்றார். அன்று சாயங்காலமே மூடிவிட்டார், நான் டோல் பணத்தை அனுப்பினேன்.