வீட்டு சர்வருக்கு டிஸ்க் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

ஒரு டெராபைட் என்ன விலைக்கு வருகிறது என்று வகுத்துப் பார்ப்பதோடு பலர் கணக்கை முடித்துவிடுகிறார்கள். அது பாதிக் கணக்குதான். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பெட்டியில் ஓர் இடம், போர்டில் ஒரு சாட்டா போர்ட் (டிஸ்க்கைச் செருகும் இணைப்பு), நாள் முழுக்க மின்சாரம் எல்லாம் வேண்டும். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று வேலையே இல்லாமல் சுழன்றுகொண்டிருக்க ஏறத்தாழ 5 வாட் எடுக்கும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம் என்றால் அது 44 யூனிட்.

பயன்படுத்த 16 டெராபைட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 4 டெராபைட் டிஸ்க் ஐந்தைப் போட்டு ஒன்றைப் பேரிட்டிக்கு, அதாவது ஒரு டிஸ்க் செத்தாலும் டேட்டாவை மீட்க உதவும் தகவலுக்கு, விடலாம். 16 டெராபைட் டிஸ்க் இரண்டை, ஒன்றில் இருப்பதே மற்றதிலும் இருக்கும்படி, மிரராகவும் போடலாம். இரண்டாவது வழியில் மூன்று டிஸ்க் குறைவு. ஐந்தாண்டில் 650 யூனிட்டுக்கு மேல் மிச்சம். நான்கு இடமுள்ள சிறிய பெட்டியே போதும், அதிலும் இரண்டு இடம் பின்னாளுக்குக் காலியாக நிற்கும். முதலில் கொடுக்கும் தொகை கூடுதலாகத் தெரிந்தால் 8 டெராபைட் மூன்று (ஒன்று பேரிட்டிக்கு) நல்ல நடுவழி. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 2, 3 டெராபைட் டிஸ்க்குகளை அள்ளிப் போடுவதுதான் உண்மையில் செலவான வழி.

அடுத்து, டிராக்குகள் (டேட்டா எழுதப்படும் வட்டத் தடங்கள்) ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆரா, ஏறி இருக்கும் எஸ்எம்ஆரா என்று பாருங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கூரையில் ஓடு வேய்வதுபோல் எஸ்எம்ஆர் டிஸ்க்கில் ஒரு டிராக் அடுத்ததன் மேல் ஏறி இருக்கும். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமானால் அதை ஒட்டிய பட்டை முழுவதையும் மறுபடி எழுத வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக எழுதும்வரை உள்ளே இருக்கும் கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) இதை மறைத்துவிடும். ரெய்டு (பல டிஸ்க் சேர்ந்து ஒன்றாக இயங்கும் அமைப்பு) ரீபில்டில், அதாவது செத்த டிஸ்க்குக்குப் பதில் போட்டதை நிரப்புகையில், பல மணி நேரம் இடைவிடாமல் எழுதும்போது கேஷ் நிரம்பி, டிஸ்க் பதில் சொல்லாமல் திணறும். அது செத்துவிட்டதென்று எண்ணி ரெய்டு அதை வெளியே தள்ளிவிடலாம். டிஸ்க் வரும் அட்டைப்பெட்டியில் நாஸ் (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப முடியாது. வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020-ல்தான் வெளியே வந்தது. அதன் பிறகே சிஎம்ஆர் மாடல்களுக்கு ரெட் பிளஸ் என்று பெயர் வைத்தார்கள். மாடல் எண் முழுவதையும் தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். எஸ்எம்ஆருக்கும் ஓர் இடம் உண்டு: வாரம் ஒருமுறை செருகி பேக்கப் எடுத்துவிட்டுக் கழற்றி வைக்கும் தனி டிஸ்க்குக்கு அது தாராளமாகப் போதும்.

பயன்படுத்திய டேட்டா சென்டர் டிஸ்க்குகள் நல்ல பேரம்தான், சாஸ் (சர்வர்களுக்கான இணைப்பு) வகையா சாட்டாவா என்று கேட்டுக்கொண்டால். சாஸ் டிஸ்க் சாட்டா போர்ட்டில் செருகவே செருகாது. எல்எஸ்ஐ 9207-8ஐ போன்ற ஹெச்பிஏ கார்டு (டிஸ்க்குகளை போர்டோடு இணைப்பது) வேண்டும், அதுவும் டிஸ்க்குகளை ரெய்டு செய்யாமல் அப்படியே காட்டும் ஐடி மோடு ஃபர்ம்வேரோடு. அந்தக் கார்டு சர்வர் காற்றோட்டத்தை நம்பிச் செய்தது. வீட்டுப் பெட்டியில் அதன் ஹீட்சிங்க் மேல் ஒரு சிறிய விசிறி கட்டாயம். கேபிள், கார்டின் ஒரு போர்ட்டிலிருந்து நான்கு டிஸ்க்குக்குப் பிரியும் ஃபார்வர்டு பிரேக்அவுட்டாக இருக்கட்டும்; பார்க்க அச்சு அசல் அதுபோலவே இருக்கும் ரிவர்ஸ் கேபிளில் டிஸ்க் தென்படவே தென்படாது. டிஸ்க் தெரிந்தும் எழுத முடியவில்லையா? 520 பைட் செக்டராக (டிஸ்க் எழுதும் சிறு கூறு) இருக்கலாம். எஸ்ஜி_ஃபார்மட் (sg_format) என்ற கருவி கொண்டு 512-க்கு மாற்றலாம். பல மணி நேரம் ஆகும், நடுவில் மின்சாரம் போகக் கூடாது.

வெளிப்புற டிஸ்க்கைப் பிரித்து உள்ளிருப்பதை எடுத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு சிக்கல் வரும்: டிஸ்க் சுழலவே சுழலாது. சாட்டா பவர் இணைப்பின் மூன்றாம் பின்னில் 3.3 வோல்ட் வந்தால் சில டிஸ்க்குகள் அதை அணைந்திரு என்ற கட்டளையாக எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பின்மேல் கேப்டன் (Kapton) என்ற மின்காப்பு டேப் ஒட்டினால் சரியாகிவிடும். 3.3 வோல்ட் ஒயரே இல்லாத பழைய நான்கு பின் மோலெக்ஸ் இணைப்பிலிருந்து அடாப்டர் போட்டும் தீர்க்கலாம், ஆனால் ஒயர்களை பிளாஸ்டிக்கில் வார்த்து மூடிய வகையைத் தொடாதீர்கள். உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். ஒயர் தனித்தனியாகக் கிரிம்ப் செய்த (பின்னோடு அழுத்திப் பிணைத்த) வகைதான் வேண்டும். பவர் சப்ளையையும் கவனியுங்கள். கிளம்பும் நொடியில் ஒரு டிஸ்க் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும்; ஆறு டிஸ்க் என்றால் 144 வாட், போர்டு தனி.

வேகத்துக்காக டிஸ்க்குகளுக்கு முன் வைக்கும் எஸ்எஸ்டி கேஷுக்குக் காசு ஒதுக்க வேண்டாம். கிகாபிட் நெட்வொர்க்கில் வருவது விநாடிக்கு 110 மெகாபைட் அளவுதான். பெரிய கோப்பு என்றால் ஒரே ஒரு நவீன டிஸ்க்கே அதைத் தாண்டிவிடும்.

புதியதோ பழையதோ, டேட்டா ஏற்றுவதற்கு முன் ஸ்மார்ட் (SMART) லாங் டெஸ்ட், அதாவது டிஸ்க் தன்னையே முழுதாகப் பார்த்துக்கொள்ளும் சோதனை, ஓட்டுங்கள். ஸ்மார்ட் பட்டியலில் கெட்ட செக்டர்களைச் சொல்லும் 5, 197, 198 ஆகிய எண்களில் மூல மதிப்பு (raw value) பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேபிள் வழிப் பிழைகளை எண்ணும் 199 ஏறினால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் டிஸ்க் மேல் தப்பு இருக்காது. பிறகு பேட்பிளாக்ஸ் (badblocks) என்ற கருவியால் டிஸ்க் முழுக்க எழுதிப் படித்துப் பார்க்கும் சோதனை. உள்ளிருப்பதை எல்லாம் அது அழித்துவிடும். 16 டெராபைட் டிஸ்க்கில் எட்டு சுற்று (நான்கு முறை எழுதி, நான்கு முறை படித்து) முடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். 18 டெராபைட்டும் அதற்கு மேலும் என்றால் பிளாக் அளவை 8192 ஆகக் கொடுங்கள், 4096-ல் அது கிளம்பாது. வாங்கும்போதே திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள் என்று பாருங்கள். இந்தச் சோதனை முடிவதற்குள் தீர்ந்துபோகும் கெடுவால் பயனில்லை.