யாரும் சாப்பிடாத ஹைட்ரஜன்

வேற்று உலகில் உயிர் உண்டா என்று பேச்சு எழுந்தாலே எனக்குப் பஞ்சு ஞாபகம் வந்துவிடும். பாத்திரம் தேய்க்கிற பஞ்சு மாதிரியான பாலியூரித்தேன் பஞ்சு. 2006இல் ஜப்பானை ஒட்டிய கடலில் சுமார் 2,500 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த சேற்றை ஹிரோயுக்கி இமாச்சியின் குழு இந்த மாதிரிப் பஞ்சுகளில் ஊறவிட்டு, ஆக்சிஜன் அண்டாமல் பார்த்துக்கொண்டு, மீத்தேனை ஊட்டி, 2,000 நாளுக்கு மேல் ஓட விட்டது. அப்புறம் அதில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குழாய்களில் போட்டு, பாக்டீரியா தலையெடுக்காமலிருக்க நான்கு ஆன்டிபயாட்டிக்குகளைச் சேர்த்து, இன்னும் ஏறக்குறைய ஒரு வருடம் காத்திருந்தார்கள். ஒரு குழாயில் லேசாகக் கலங்கல் தெரிந்தது. அவ்வளவுதான். அதைச் சுத்தப்படுத்தி, வளர்த்து, 2020இல் கட்டுரையாக வெளியிடுவதற்குள் பன்னிரண்டு வருட உழைப்பு போயிருந்தது.

உள்ளே இருந்தது ஒரு ஆர்க்கியா, பாக்டீரியா மாதிரியே ஒற்றைச் செல்லானாலும் வேறு குலத்து நுண்ணுயிர். நம்மைப் போன்ற, அதாவது செல்லுக்குள் கரு வைத்திருக்கும் உயிர்களுக்கு மிக நெருங்கிய சொந்தமான அஸ்கார்ட் வகை. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா வசதியான சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். இது இரண்டாக 14 முதல் 25 நாள் எடுக்கிறது. ஆனால் என்னைப் பிடித்து உட்காரவைத்தது அதன் மந்தம் இல்லை, அதைத் தனியாக வளர்க்கவே முடியவில்லை என்பதுதான். எத்தனை முறை சுத்தப்படுத்தினாலும் கூடவே மீத்தேன் உண்டாக்கும் இன்னொரு ஆர்க்கியாவும் இருந்தாக வேண்டியிருந்தது. அதனால்தான் அதன் பெயரின் பின்பாதி சின்ட்ரோஃபிக்கம், சேர்ந்து உண்பது.

காரணம் கணக்கு மாதிரித் தெளிவானது. அந்த ஆர்க்கியா அமினோ அமிலங்களைச் சிதைத்துச் சாப்பிடுகிறது, கழிவாக ஹைட்ரஜன் வருகிறது. ஹைட்ரஜன் சுற்றிலும் சேரச் சேர, அந்தச் சிதைவிலிருந்து கிடைக்கும் ஆற்றல் குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் சாப்பாடு முன்னால் இருந்தும் பட்டினி. பக்கத்தில் இருப்பவனுக்கோ அந்த ஹைட்ரஜன்தான் உணவு. அவன் உறிஞ்ச உறிஞ்ச இவனுக்கு வழி பிறக்கிறது. பாசம், தியாகம் எதுவும் இதில் இல்லை. ஒருவன் குப்பை இன்னொருவனுக்குச் சோறு, அதோடு சரி.

இந்த உறவு முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வகத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1966இல் குவாங் ஜியான் என்ற உயிரியலாளர் வளர்த்துவந்த அமீபாக்களில் கோல் வடிவ பாக்டீரியா தொற்றிக்கொண்டது. ஒரு அமீபாவுக்குள் பல்லாயிரக்கணக்கில். பெரும்பாலான அமீபாக்கள் செத்தன. இன்னொருவராக இருந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருப்பார் (நானாக இருந்தால் நிச்சயம் கொட்டியிருப்பேன்). அவர் பிழைத்த சிலவற்றை வருடக்கணக்கில் வளர்த்தார். அப்புறம் அந்த அமீபாவின் கருவை எடுத்து, பாக்டீரியா இல்லாத அமீபாவில் வைத்துப் பார்த்தபோது அது பிழைக்கவில்லை. ஆன்டிபயாட்டிக் கொடுத்து பாக்டீரியாவைக் கொன்றாலும் அமீபா சேர்ந்தே செத்தது. கொல்ல வந்த நோய் சில வருடத்தில் உடலின் உறுப்பு மாதிரி ஆகிவிட்டது.

நம் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் இப்படி உள்ளே வந்து தங்கிப்போன பாக்டீரியாதான் என்று உயிரியலாளர் லின் மார்குலிஸ் எழுதிய கட்டுரையைப் பல இதழ்கள் திருப்பி அனுப்பின, கடைசியில் 1967இல்தான் வெளியானது. இன்று அதில் யாருக்கும் சந்தேகமில்லை. மனிதர்களிடம் அதற்குத் தனி டிஎன்ஏ இருக்கிறது, 16,569 எழுத்து, 37 மரபணு. பள்ளியில் அதைச் செல்லின் ஆற்றல் மையம் என்று மனப்பாடம் செய்தபோது, அது ஒரு காலத்தில் தனிக்குடித்தனம் நடத்திய உயிர் என்பது என் தலையில் ஏறவேயில்லை.

சரி, கூட்டு இல்லாமல் வாழவே முடியாதா? முடியும். தென்னாப்பிரிக்காவின் ம்போனெங் தங்கச் சுரங்கத்தில் 2.8 கிலோமீட்டர் ஆழத்துத் தண்ணீரில் கிடைத்த டிஎன்ஏவில் 99.9 சதவீதத்துக்கு மேல் ஒரே பாக்டீரியாவுடையது. 2008இல் அதன் மரபணுத் தொகுப்பு வெளியானது. பாறையிலுள்ள யுரேனியத்தின் கதிர்வீச்சு தண்ணீரைப் பிளக்க, அதில் வரும் ஹைட்ரஜனை வைத்துக் குடும்பம் நடத்துகிறது. செவ்வாயின் அடியில் உயிர் இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று சொல்ல ஆளுக்கு ஆள் இதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். ஆனால் அதன் மரபணுக்களைப் பார்த்தால், சில ஆர்க்கியாக்களிடமிருந்து வாங்கியவை மாதிரி இருக்கின்றன. துறவிதான், கமண்டலம் மட்டும் இரவல்.

அதனால்தான் என்செலடஸ் எனக்கு உறுத்துகிறது. சனியின் அந்தச் சின்ன நிலவு, குறுக்களவு சுமார் 500 கிலோமீட்டர், பனி ஓட்டுக்கு அடியில் கடல், தென்துருவத்தின் விரிசல்கள் வழியாக நீராவி பீய்ச்சுகிறது. 2015 அக்டோபரில் காசினி விண்கலம் அந்தத் தாரைக்குள் புகுந்து போனபோது ஹைட்ரஜனை அளந்தது. முடிவு 2017இல் வந்தது. ஊரே கொண்டாடியது, கடலடியில் உணவு இருக்கிறதென்று. எனக்கும் முதலில் சந்தோஷம்தான். ஆனால் ஜப்பான் குழாயை நினைத்துப் பார்த்தால் அதே செய்தி வேறு மாதிரிப் படுகிறது: இவ்வளவு ஹைட்ரஜன் மிச்சமாக வெளியே வருகிறதென்றால் அதைச் சாப்பிட அங்கே ஆள் இல்லையோ? இதை விஞ்ஞானிகளும் கேட்டிருக்கிறார்கள். பாறையிலிருந்து ஹைட்ரஜன் கொட்டும் வேகத்துக்குச் சாப்பிடுகிறவர்கள் ஈடுகொடுக்க முடியாமலும் இருக்கலாம், அல்லது வேறு ஏதோ சத்து இல்லாமல் கூட்டம் பெருகாமலும் இருக்கலாம். ஆள் இருக்கலாம் என்கிற அந்தப் பக்கம்தான் நான் சாய்கிறேன், ஆதாரத்தைவிட ஆசை அதிகம் என்று தெரிந்தே.

அதே 2017 செப்டம்பரில் எரிபொருள் தீரும் நிலையில் காசினியைச் சனிக்குள்ளேயே விழவைத்து எரித்துவிட்டார்கள். அதில் ஒட்டிக்கொண்டு போன நம்மூர் நுண்ணுயிர் ஏதாவது உயிரோடிருந்து, கலம் தவறிப்போய் என்செலடஸில் மோதி, அந்த ஹைட்ரஜனைச் சாப்பிட ஆரம்பித்துவிடக் கூடாதே என்று.