அப்பா அம்மாவுடன் நாகப்பட்டினத்துக்கு

திருகோணமலையிலிருந்து புகையிரதத்தில் யாழ்ப்பாணம் போவதென்றால் கல்லோயா, மாகோ என்று சுற்றிக்கொண்டு இடையில் வண்டி மாற வேண்டியிருப்பதால், வவுனியா வழியாகப் பேருந்தில் முதல் நாளே போய், உறவினர் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் காங்கேசன்துறைக்குச் செல்வதே வயதானவர்களுக்கு உகந்தது. அங்கிருந்து நாகப்பட்டினத்துக்கு 2023 ஒக்டோபரில் மீண்டும் தொடங்கிய பயணிகள் கப்பல் சேவை காலநிலையைப் பொறுத்து இடைநிற்பதுண்டு. ஆகவே மாரிகாலத்தைத் தவிர்ப்பது நல்லது.

கடலில் ஏறத்தாழ நான்கு மணிநேரம். வயிறு புரளுமோ என்று அஞ்சிய அம்மா ஒரு துண்டு இஞ்சியை வாயில் அடக்கிக்கொண்டு நடு வரிசையில் அமர்ந்திருந்தார். அப்பாவோ, இளவயதில் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறிய கதையைக் கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

இந்தியாவில் கையைக் கடிக்காத பயணம் புகையிரதப் பயணமே. முதியோருக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது. எனினும் 60 வயதைத் தொட்ட ஆண்களுக்கும் 45 வயதைத் தொட்ட பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இன்னும் உண்டு. முழங்கால் வலியுள்ளவர்களுக்குக் கட்டணக் கழிவைவிட இதுவே பெரிது என்பேன். ஒரே பயணச்சீட்டில் இருவருக்கு மேல் பதிந்தால் அந்த ஒதுக்கீடு பொருந்தாது என்பதால், பெற்றோருக்குத் தனியாகவும் எனக்கு வேறாகவும் பயணச்சீட்டு எடுத்தேன். குளிசைகளையும் மருத்துவர் எழுதித் தந்த துண்டையும் அம்மாவின் கைப்பையிலேயே வைத்தோம். பெரிய பொதிக்குள் போனால், இருக்கைக்கு அடியிலிருந்து அதை இழுத்தெடுப்பதற்குள் மருந்து வேளை தப்பிவிடும்.