பழியைச் சூரியன் மேல் போடும் முன்

செயற்கைக்கோளில் ஏதாவது ஒரு பெட்டி தானாக ரீசெட் ஆகிவிட்டால், "நேத்து சூரியப் புயல் ஏதும் அடிச்சுதா?" என்றுதான் முதல் கேள்வி வரும். ஆமாம் என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. மதுரையில் கணினி முன் உட்கார்ந்து இந்தப் பஞ்சாயத்தைத் தீர்ப்பவர்களுக்கோ முதல் வேலை கடிகாரம் பார்ப்பதுதான்.

விண்வெளி வானிலைத் தரவு எல்லாம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஷிப்ட் நோட்டில் நம்மூர் நேரம். அந்த ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்க மறந்தால், அமைதியான நாளின் கோளாறு புயல் நாளில் போய் விழும். பிறகு செயற்கைக்கோள் நிற்கும் இடத்தின் உள்ளூர் நேரம்: தீர்க்கரேகையை 15-ஆல் வகுத்து, கிழக்கானால் யுடிசி-யுடன் கூட்ட வேண்டும், மேற்கானால் கழிக்க வேண்டும்.

கேலக்ஸி 15 என்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோளை எடுத்துக்கொள்வோம். 2010 ஏப்ரல் 5, யுடிசி 9:48-க்கு அது கட்டளை கேட்பதை நிறுத்தியது. நின்ற இடம் மேற்கு 133 டிகிரி. கணக்குப் போட்டால் அங்கே நள்ளிரவு தாண்டி ஏறக்குறைய 12:56. பூமியோடு சேர்ந்தே சுற்றி ஒரே இடத்துக்கு மேல் நிற்கும் புவிநிலைப் பாதையில், நள்ளிரவு முதல் விடியல் வரைதான் கிலோ எலக்ட்ரான்வோல்ட் அளவு ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள் வந்து மோதி, கோளின் மேல்பரப்பில் மின்னேற்றம் சேரும். அன்று புயலும் இருந்தது. நேரம், இடம், புயல் மூன்றும் பொருந்தியதால்தான் சந்தேகம் வலுத்தது. இதே கோளாறு உள்ளூர் நேரம் மதியம் 2 மணிக்கு வந்திருந்தால், முதலில் கட்டளைப் பதிவேட்டைப் புரட்டுவதே புத்திசாலித்தனம்.

ஆழ மின்னேற்றம் வேறு சாதி. 2 மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேற்பட்ட, இன்னும் வேகமான எலக்ட்ரான்கள் கேபிள் உறைக்குள்ளேயே போய்த் தங்கும். புயல் ஓய்ந்து ஓரிரு நாள் கழித்துத்தான் அவை பெருகும் என்பதால், புயலின் வலுவை 0 முதல் 9 வரை சொல்லும் அன்றைய கேபி எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. முந்தைய சில நாள்களில் வந்த எலக்ட்ரான்களின் கூட்டுத்தொகை வேண்டும். இதில் ஒரு பொறி: புரோட்டான் புயலின்போது எலக்ட்ரான் கருவியே பொய் சொல்லும். பூமிக்கு அருகில் சுற்றும் தாழ்பாதைக் கோளில் நினைவகத்தின் பிட் புரண்டால், அதாவது 0 என்பது 1 ஆகவோ 1 என்பது 0 ஆகவோ மாறினால், அது நடந்த இடத்தை உலக வரைபடத்தில் புள்ளி வைத்தாலே போதும். பிரேசிலையும் தென் அட்லாண்டிக்கையும் சுற்றிப் புள்ளிகள் குவிந்தால், அது அன்றாடக் கதிர்வீச்சு. புயலைத் தேட வேண்டாம்.

முன்னறிவிப்பில் கை கட்டிப்போவது ஒரே இடத்தில்தான். சூரியனிலிருந்து பிளாஸ்மா கிளம்பியதைப் படத்தில் பார்க்கலாம். வந்து சேரும் நேரத்தையும் அரை நாள் முன்பின்னாகச் சொல்லலாம். ஆனால் அதன் காந்தப்புலம் தெற்கு நோக்கியா வடக்கு நோக்கியா என்பது, பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே உள்ள எல்1 புள்ளியைத் தொடும்போதுதான் தெரியும். தெற்கானால்தான் புயல் வலுக்கும். நம் ஆதித்யா-எல்1 விண்கலம் 2024 ஜனவரியிலிருந்து இருக்கும் அந்த இடம் நமக்கு 15 லட்சம் கிலோமீட்டர் தூரம். சூரியக் காற்று நொடிக்கு 400 கிலோமீட்டர் என்றால் ஒரு மணி நேர அவகாசம். 800 என்றால் அரை மணிதான். காந்தப்புலத்தின் தெற்குக் கூறு 10 நானோடெஸ்லாவைத் தாண்டி மூன்று மணி நேரம் நீடித்தால் பெரும்புயல் என்று எடுத்துக்கொள்ளலாம். மென்பொருள் ஏற்றம், பாதைத் திருத்தம் எல்லாவற்றையும் தள்ளிப்போட இதுவே போதும்.

சின்னப் புயலை அலட்சியம் செய்வதும் ஆபத்து. 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் கோள்களில் நாற்பது வரை போனதற்குக் காரணமான புயல் பெரிதே அல்ல. சுமார் 210 கிலோமீட்டர் உயரத்தில் இறக்கிவிட்டிருந்தார்கள். புயலால் அங்கே வளிமண்டலக் காற்றின் இழுவை, முந்தைய ஏவல்களைவிட 50 சதவீதம் வரை கூடிவிட்டது.

நம்மூருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கம் போகிறது. அதனால் சூரியன் மறைந்த பிறகு மதுரை வானில் மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தில் குமிழிகள் எழும், பங்குனியிலும் புரட்டாசி, ஐப்பசியிலும் அதிகமாகவே. கீழே உசிலம்பட்டியில் நிலம் அளப்பவரின் ஜிபிஎஸ் ஏழரை மணிக்கு ஃபிக்ஸ் விட்டு ஃப்ளோட்டுக்குப் போகும், அதாவது துல்லியம் குறையும். மேலே அந்தப் பட்டையைக் கடக்கும் கோளின் ஜிபிஎஸ் ரிசீவரும் அதேபோல் பிடி இழக்கும். அந்த இரவில் கேபி 1 ஆகக்கூட இருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், சில புயல் இரவுகளில் இந்தக் குமிழிகள் எழும்பவே எழும்பாது.